கார்டு அதேதான், பெயர் மட்டும் எப்படி மாறியது?
லினக்ஸ் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வன்பொருள் தகராறுகள். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வழக்கம்போல ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் டெபியன் 12 போட்ட சர்வர் ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரும் பேக்கப்பும் அதில்தான். இடம் போதவில்லை என்று மதர்போர்டில் காலியாக இருந்த எம்.2 ஸ்லாட்டில் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டோம். அன்றிலிருந்து நெட்வொர்க் வரவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தாயிற்று, சுவிட்ச்சில் வேறு போர்ட்டில் குத்தியும் பார்த்தாயிற்று. எஸ்எஸ்டியைக் கழற்றினால் நெட்வொர்க் தானாக வந்துவிடுகிறது. மதர்போர்டு போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா? (ஈரோடு)

பதில்: வேண்டாம் ஐயா, பணத்தைப் போடாதீர்கள். எஸ்எஸ்டியைக் கழற்றினால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. நெட்வொர்க் கார்டு வேலை செய்கிறது. அதன் பெயர் மாறிவிட்டது. பழைய பெயரை நம்பி எழுதிய அமைப்புக் கோப்புக்குப் புதிய பெயர் தெரியவில்லை.

சர்வரில் மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, எஸ்எஸ்டி உள்ளே இருக்கும்போதே, கர்னலின் (லினக்ஸின் மையக்கரு) செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' கட்டளையின் வெளியீட்டில் 'ரீநேம்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். ஏறக்குறைய இப்படி ஒரு வரி கிடைக்கும்:

[2.114380] ஆர்8169 0000:04:00.0 இஎன்பி4எஸ்0: ரீநேம்ட் ஃப்ரம் ஈத்0

இந்த ஒரு வரியை நிதானமாகப் படித்தால் போதும். சதுர அடைப்புக்குள் இருப்பது கர்னல் எழுந்த பிறகு கடந்த நொடிகள். 'ஆர்8169' என்பது டிரைவரின் பெயர், அதாவது கர்னல் கார்டைக் கண்டுகொண்டது, டிரைவரும் ஏறிவிட்டது. அடுத்த எண், மதர்போர்டில் கார்டுகளை இணைக்கும் பிசிஐ பாதையில் இந்தக் கார்டு உட்கார்ந்திருக்கும் இடம்: பிசிஐ டொமைன் 0000, பஸ் 04, டிவைஸ் 00, ஃபங்ஷன் 0. அதன் பிறகு வருவது புதிய பெயர். கடைசியில் 'ஈத்0' என்று இருப்பது கர்னல் முதலில் சூட்டிய பெயர். செத்துப்போன மதர்போர்டு இவ்வளவும் பேசாது.

இப்போது '/எட்சி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்' கோப்பைத் திறந்தால் அதில் 'இஎன்பி3எஸ்0' என்று இருக்கும் என்று நினைக்கிறேன். 3 எப்படி 4 ஆனது? கணினி எழும்போது பிசிஐ பாதைகளை ஒவ்வொன்றாக நடந்து பார்த்துத்தான் பஸ் எண் வழங்கப்படுகிறது. காலியாக இருக்கும் எம்.2 ஸ்லாட்டின் போர்ட்டைப் பல மதர்போர்டுகளின் பயாஸ் (கணினியை எழுப்பும் மதர்போர்டு நிரல்) மறைத்தே வைத்திருக்கும். அதில் ஒரு எஸ்எஸ்டியைக் குத்தியதும் அந்தப் போர்ட் வெளியே வந்து ஒரு எண்ணை எடுத்துக்கொள்கிறது. அதற்கு அடுத்து வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஓர் இடம் தள்ளிப் போகிறார்கள். கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினாலும், கழற்றினாலும் இதே கதைதான். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகும் சில போர்டுகளில் இப்படி ஆவதுண்டு.

பெயரை எப்படிப் பிரித்துப் படிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். 'இஎன்' என்றால் ஈதர்நெட், 'டபிள்யூஎல்' என்றால் வைஃபை, 'டபிள்யூடபிள்யூ' என்றால் சிம் போடும் மோடம். அடுத்து 'பி'யும் ஒரு எண்ணும் வந்தால் பஸ், 'எஸ்'ஸும் எண்ணும் வந்தால் அந்த பஸ்ஸில் உள்ள ஸ்லாட். 'ஓ' வந்தால் மதர்போர்டிலேயே பதித்த கார்டு என்று பயாஸ் தானே சொல்லியிருக்கிறது என்று பொருள். 'இஎன்ஓ1' என்ற பெயர் உங்களுக்குக் கிடைத்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது, ஏனென்றால் அது பஸ் எண்ணைச் சார்ந்ததில்லை. 'எக்ஸ்' வந்தால் அதன் பின்னால் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியின் 12 இலக்கங்களும் வரிசையாக நிற்கும். யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

பலரைக் குழப்பும் இடம் ஒன்று: பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை பஸ் எண்ணைப் பதினாறடிமானத்தில் காட்டும், கார்டின் பெயரிலோ அது பதின்மத்தில் இருக்கும். எல்எஸ்பிசிஐ '0ஏ:00.0' என்று காட்டும் கார்டின் பெயர் 'இஎன்பி10எஸ்0'. இரண்டும் ஒரே கார்டுதான்.

இனி சரிசெய்வது. கோப்பில் 3 இருக்கும் இடத்தில் 4 என்று மாற்றினால் இன்றைக்கு ஓடும். அடுத்த முறை யாராவது பெட்டியைத் திறந்து எதையாவது குத்தினால் மறுபடி நிற்கும். அலுவலகம் முழுவதும் நம்பியிருக்கும் சர்வருக்கு அது போதாது. கார்டு எந்த ஸ்லாட்டில் இருந்தாலும் மாறாதது அதன் மேக் முகவரி. பெயரை அதோடு கட்டிவிடுங்கள். 'ஐபி லிங்க்' என்று அடித்தால் கார்டின் பெயருக்குக் கீழே 'லிங்க்/ஈதர்' என்ற வரியில் மேக் முகவரி இருக்கும். பிறகு '/எட்சி/சிஸ்டம்டி/நெட்வொர்க்/' அடைவில் '10-ஆபீஸ்.லிங்க்' என்று ஒரு கோப்பு உருவாக்கி இந்த நான்கு வரிகளை எழுதுங்கள்:

[மேட்ச்]
பர்மனன்ட்மேக்அட்ரஸ்=(உங்கள் கார்டின் முகவரி)
[லிங்க்]
நேம்=ஆபீஸ்0

'பர்மனன்ட்' என்ற முன்னொட்டை விட்டுவிடாதீர்கள். வெறும் 'மேக்அட்ரஸ்' என்று எழுதினால், பின்னாளில் அந்தக் கார்டின் மேல் பிரிட்ஜோ விலானோ (மென்பொருளில் மட்டும் இருக்கும் மெய்நிகர் கார்டுகள்) அமைக்கும்போது அவையும் அதே முகவரியைக் காட்டி, அதே பெயருக்குச் சண்டைக்கு வரும். கார்டிலேயே பொறித்த நிரந்தர முகவரி அந்த மெய்நிகர் கார்டுகளுக்குக் கிடையாது.

பெயராக 'ஈத்0' என்று வைக்க வேண்டாம். அந்த வரிசைப் பெயர்களை கர்னல் தானே வழங்கிக்கொண்டிருக்கும், இரண்டு கார்டு உள்ள பெட்டியில் மோதிக்கொள்ளும். 'ஆபீஸ்0', 'லேன்0', 'வெளி0' என்று உங்களுக்குப் புரியும் பெயராக, ஆங்கில எழுத்தில் 15 எழுத்துக்குள் வையுங்கள். அதற்கு மேல் கர்னல் ஏற்காது. இன்டர்ஃபேசஸ் கோப்பிலும் பழைய பெயர் வரும் எல்லா இடத்திலும் புதிய பெயரைப் போட்டு, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' கட்டளையை ஓட்டி, ரீபூட் செய்யுங்கள். டெபியனில் இந்த இனிட்ராம்எஃப்எஸ் (கணினி எழும்போது முதலில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுப்பு) வேலை முக்கியம். பெயர் மாற்றம் கணினி எழும் ஆரம்பக் கட்டத்திலேயே நடக்கலாம், அந்தக் கட்டத்தில் படிக்கப்படுவது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் நகல்தான்.

உபுண்டு சர்வர் வைத்திருப்பவர்கள் நெட்பிளான் கோப்பிலேயே 'மேட்ச்' பகுதியில் மேக் முகவரியும் 'செட்-நேம்' வரியில் பெயரும் கொடுத்து இதைச் செய்துகொள்ளலாம்.

கேள்வி: கார்டின் பெயர் மாறாமல் இருக்க எதற்கு இவ்வளவு சுற்று? கிரப்பில் (லினக்ஸை எழுப்பும் பூட் லோடர்) 'நெட்.இஃப்நேம்ஸ்=0' போட்டால் பழையபடி ஈத்0 வந்துவிடுகிறதே. எல்லாப் பெட்டியிலும் நான் அப்படித்தான் போடுகிறேன். (திருச்சி)

பதில்: ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு இருக்கும் பெட்டியிலும், ஒரே கார்டுள்ள மெய்நிகர் கணினியிலும் தாராளமாகப் போடுங்கள். ஈத்0, எப்போதும் ஈத்0.

இரண்டு கார்டு இருந்தால் போடவே போடாதீர்கள் என்பேன். கர்னல் எந்த கார்டை முதலில் கண்டதோ அதற்கு 0, அடுத்ததற்கு 1. டிரைவர்கள் ஒரே நேரத்தில் இணையாக ஏறுகின்றன. இன்று முந்தியது நாளை பிந்தலாம். நீங்கள் அந்தப் பெட்டியை ஃபயர்வாலாக வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஈத்0 உள்ளே, ஈத்1 வெளியே. ஒரு கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு இரண்டும் இடம் மாறினால், அலுவலகத்துக்குள் மட்டும் திறந்து வைத்த கோப்புப் பகிர்வு இணையத்தைப் பார்த்துத் திறந்து நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. நெட்வொர்க் நின்றுபோவதைவிட இது மோசம், ஏனென்றால் நின்றால் உடனே தெரிந்துவிடும்.

இதற்காகத்தான் 2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டியின் (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் மென்பொருள்) 197-ஆம் பதிப்பு, இடத்தை வைத்துப் பெயர் சூட்டும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே டெல் நிறுவனம் 'பயாஸ்டெவ்நேம்' என்ற கருவியை எழுதியிருந்தது. 2011-இல் வந்த ஃபெடோரா 15-இல் 'இஎம்1', 'பி1பி1' என்ற பெயர்கள் அதன் வழியாக வந்தவை. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7, உபுண்டு 15.10, டெபியன் 9 என்று வரிசையாக எல்லோரும் புதிய முறைக்கு வந்தார்கள். ஈரோட்டு நண்பருக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அந்த முறை முழுமையானதில்லை என்பது தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டியைத் திறக்காத, பயாஸைத் தொடாத வரை பெயர் மாறாது என்ற உறுதி பழைய முறையில் இல்லை.

பின்பக்கம் ஒரே மாதிரி நான்கு போர்ட் இருக்கும் சர்வரில் எது எது என்று தெரியாவிட்டால் 'ஈதிடூல் -பி' என்று அடித்து, கார்டின் பெயரும் அதன் பின்னால் 10 என்ற எண்ணும் கொடுங்கள். டிரைவரில் அந்த வசதி இருந்தால் குறிப்பிட்ட போர்ட்டின் விளக்கு 10 நொடி மின்னும். கையோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: மருந்துக்கடை பில்லிங்குக்கு இன்னும் சென்ட்ஓஎஸ் 6 ஓடுகிறது. மதர்போர்டு எரிந்துவிட, அதே மாடல் போர்டு தேடி வாங்கி ஹார்டு டிஸ்க்கை அப்படியே மாட்டினோம். எல்லாம் எழுகிறது, 'டிவைஸ் ஈத்0 டஸ் நாட் சீம் டு பி பிரசென்ட்' என்று நெட்வொர்க் மட்டும் நிற்கிறது. (விருதுநகர்)

பதில்: உங்கள் பெட்டியில் நடப்பது நேர் எதிர். சாதனங்களுக்குப் பெயரிடும் அந்தக் காலத்து யூடெவ் நிரல், கார்டை முதன்முதல் பார்க்கும்போதே அதன் மேக் முகவரியை '/எட்சி/யூடெவ்/ரூல்ஸ்.டி/70-பெர்சிஸ்டன்ட்-நெட்.ரூல்ஸ்' கோப்பில் எழுதி, 'இதுதான் ஈத்0' என்று பதிந்துவிடும். பழைய போர்டின் முகவரிக்கு ஈத்0 என்ற பெயர் இன்னும் ஒதுக்கப்பட்டே இருப்பதால், புதுப் போர்டின் கார்டு ஈத்1 ஆகிவிட்டது. அந்தக் கோப்பை அழியுங்கள், அடுத்த பூட்டில் அது தானே புதிதாக எழுதிக்கொள்ளும். '/எட்சி/சிஸ்கான்ஃபிக்/நெட்வொர்க்-ஸ்கிரிப்ட்ஸ்/ஐஎஃப்சிஎஃப்ஜி-ஈத்0' கோப்பில் 'எச்டபிள்யூஏடிடிஆர்' என்ற வரி இருந்தால் அங்கேயும் புதிய முகவரியைப் போடுங்கள். மெய்நிகர் கணினியைக் குளோன் செய்பவர்களுக்கும் இதே மருந்துதான்.

சென்ட்ஓஎஸ் 6-க்கு 2020 நவம்பர் 30-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. பில்லிங் மென்பொருள்காரரிடம் பேசி வேறு தளத்துக்கு மாறும்வரை அந்தப் பெட்டியை இணையத்தோடு இணைக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, கிராஃபிக்ஸ் கார்டை ரைசர் கேபிளில் (ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) மாட்டி உபுண்டுவில் புராஜெக்ட் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு நாள் டிஸ்க் நிரம்பிவிட்டது. பார்த்தால் கணினியின் பதிவுக் கோப்பான சிஸ்லாக் மலையாக வளர்ந்து கிடக்கிறது. முழுவதும் 'பிசிஐஇ பஸ் எர்ரர்: சிவியாரிட்டி=கரெக்டட், டைப்=பிசிக்கல் லேயர்' என்ற வரி. 'பிசிஐ=நோஏஇஆர்' போடச் சொன்னான் நண்பன், போட்டதும் நின்றுவிட்டது. விட்டுவிடலாமா? (கோவை, பொறியியல் மாணவர்)

பதில்: விடாதே தம்பி. வரிகள் நின்றன, பிழை நிற்கவில்லை. 'நோஏஇஆர்' கர்னலைப் பிழையைத் தெரிவிக்க வேண்டாம் என்று சொல்கிறது, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு அந்த வரிகளை மறுபடி வரவழை.

'கரெக்டட்' என்றால் பிழை நேர்ந்தது, வன்பொருளே மறுபடி அனுப்பிச் சரிசெய்துகொண்டது என்று பொருள். தரவு கெடவில்லை. அதனால் பதற வேண்டாம். ஆனால் 'பிசிக்கல் லேயர்' என்று சொல்கிறது, கூடவே அடுத்த வரிகளில் '[ 0] ஆர்எக்ஸ்எர்' என்றும் இருக்கும் என்று நினைக்கிறேன். கம்பியில் வரும் சிக்னலே சரியாகப் படிக்கப்படவில்லை என்று அதற்கு அர்த்தம். ரைசர் கேபிள் வைத்திருப்பவர் இந்த வரியைப் பார்த்தால் முதல் சந்தேகம் ரைசர் மேல்தான் போக வேண்டும். கார்டை நேராக ஸ்லாட்டில் குத்திப் பார். வரிகள் நின்றால் விஷயம் முடிந்தது. நேராக மாட்ட இடமில்லை என்றால் பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை ஜென் 4-இலிருந்து ஜென் 3-க்குக் குறைத்துப் பார். மலிவான ரைசர்கள் பலவற்றுக்கு அந்த வேகம் தாங்குவதில்லை.

அதன் பிறகும் வந்தால் அடுத்த சந்தேகம் ஏஎஸ்பிஎம். பிசிஐ இணைப்பு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்தத் தூங்கப்போகும் ஏற்பாடு அது. சில கார்டுகள் தூங்கி எழும்போது தடுமாறும். இணையத்தில் எல்லோரும் 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்' போடச் சொல்வார்கள். கர்னல் ஆவணத்தின்படி அந்த அளவுரு, கர்னலை ஏஎஸ்பிஎம் அமைப்பைத் தொடாமல் விடச் செய்கிறது. பயாஸ் ஏற்கெனவே தூங்கவைத்திருந்தால் அது அப்படியே இருக்கும். 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்.பாலிசி=பெர்ஃபார்மன்ஸ்' என்று போடுவது அல்லது பயாஸிலேயே ஏஎஸ்பிஎம்மை அணைப்பதுதான் நேரான வழி.

எந்த அளவுருவையும் நிரந்தரமாகப் போடும் முன் ஒரு முறை சோதித்துப் பார். கிரப் திரையில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அடித்தால் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் அமலாகும். பயன் தெரிந்த பிறகு '/எட்சி/டிஃபால்ட்/கிரப்' கோப்பில் எழுதி 'அப்டேட்-கிரப்' ஓட்டு. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து கணினியே எழாமல் உட்கார்ந்திருப்பவர்களின் கடிதம் மாதாமாதம் வருகிறது.

வரியில் 'அன்கரெக்டட்' என்றோ 'ஃபேட்டல்' என்றோ வந்தால் மட்டும் உடனே வேலையை நிறுத்து. அது வேறு கதை.

கேள்வி: ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் போட்டோக்கள் எல்லாம் 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. காப்பி போட்டால் பாதியில் கணினி அப்படியே உறைகிறது, ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஓடுகிறது. லாக்கில் 'ஏடிஏ3.00: எக்செப்ஷன் ... ஃப்ரோசன்', 'ஹார்டு ரீசெட்டிங் லிங்க்' என்று வருகிறது. டிஸ்க் சாகப் போகிறதா? (மதுரை)

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் இந்தப் பத்தியை மேலே படிக்கும் முன் வேறு நகல் இல்லாத ஆல்பங்களை இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். இன்னொருவர் வீட்டுக் கல்யாணம் அதில் இருக்கிறது. பழுது பார்ப்பதெல்லாம் பிறகுதான்.

மாற்றியாயிற்றா? இப்போது நீங்கள் அனுப்பிய வரிகளுக்கு ஓரிரு வரி கீழே, 'எர்ரர்:' என்று தொடங்கி வளைவு அடைப்புக்குள் ஒரு சொல் இருக்கும். எல்லாமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. 'யுஎன்சி' என்று இருந்தால் தட்டில் உள்ள அந்த இடத்தை டிஸ்க்கால் படிக்க முடியவில்லை, அதாவது டிஸ்க்குக்கே உடம்பு சரியில்லை. 'ஐசிஆர்சி' என்று இருந்தால் தரவு கேபிளில் வரும் வழியில் கெட்டிருக்கிறது, டிஸ்க் மேல் தவறு இல்லை.

இதை உறுதி செய்ய, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ' ஓட்டி மூன்று எண்களைப் பாருங்கள். 5-ஆம் எண் டிஸ்க் கைவிட்டு மாற்றிக்கொண்ட செக்டர்கள், 197-ஆம் எண் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இந்த இரண்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள். 199-ஆம் எண் கேபிள் பிழைக் கணக்கு. மற்ற இரண்டும் சுழியாக இருந்து 199 மட்டும் ஏறினால் சாட்டா கேபிளை மாற்றினால் போதும். 199 எப்போதும் குறையாது. எனவே கேபிள் மாற்றிய அன்று அதன் எண்ணைக் குறித்துவைத்து, அதற்கு மேல் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஒரே நொடியில் ஏடிஏ1, ஏடிஏ3, ஏடிஏ4 என்று பல டிஸ்க்குகள் சேர்ந்து ரீசெட் ஆகியிருந்தால் டிஸ்க்கையும் கேபிளையும் விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். மூன்று டிஸ்க் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம், மின்சாரம் ஒரு கணம் தொய்வது சகஜம்.

ஏடிஏ3 என்பது எந்த டிஸ்க் என்று அறிய 'எல்எஸ் -எல் /சிஸ்/பிளாக்/' அடியுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் நீண்ட பாதைக்கு நடுவே ஏடிஏ எண் இருக்கும். டிஸ்க்கின் 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' பெயர்களும் பழைய ஈத்0 போலவே கண்ட வரிசையில் வருபவை, அடுத்த பூட்டில் இடம் மாறலாம். அதனால் எந்த டிஸ்க் எங்கே ஏற வேண்டும் என்று சொல்லும் '/எட்சி/எஃப்எஸ்டேப்' கோப்பில் யுயுஐடி (மாறாத அடையாள எண்) போட்டு வையுங்கள். கழற்றும் முன் ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் சீரியல் எண்ணை டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒத்துப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். கெட்டதை விட்டுவிட்டு நல்லதைக் கழற்றி எடுத்துப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் 11 போட்டேன், மாணவர்களுக்குப் பாடம் காட்ட. வைஃபை என்ற சொல்லே எங்கும் இல்லை. டிமெஸ்ஜியில் 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ... ஃபெயில்டு வித் எர்ரர் -2' என்று சிவப்பில் வருகிறது. (தேனி, ஆசிரியை)

பதில்: சிவப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள் டீச்சர். கர்னலின் -2 என்றால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று மட்டும்தான். வைஃபை சில்லுக்குள் ஓடவேண்டிய சிறு நிரல் ஒன்றை, கணினி எழும்போது '/லிப்/ஃபர்ம்வேர்' அடைவிலிருந்து டிரைவர் எடுத்து ஊட்ட வேண்டும். அந்தக் கோப்பு உங்கள் டிஸ்க்கில் இல்லை. மூல நிரல் வெளியிடப்படாத கோப்பு என்பதால் டெபியன் நெடுங்காலம் அதைத் தன் வழக்கமான நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்துக் கொள்கையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் வட்டிலேயே வருகிறது. பாடம் தயாரிக்கும் கோப்புகள் இன்னும் ஏற்றவில்லை என்றால் 12 அல்லது அதற்குப் பிந்தையதைப் போட்டுவிடுவதே எளிது.

11-ஐ வைத்துக்கொள்ள வேண்டுமானால், போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெத்தரிங் போடுங்கள், இணையம் வந்துவிடும். பிறகு 'சோர்சஸ்.லிஸ்ட்' கோப்பில் 'மெயின்' என்பதோடு 'நான்-ஃப்ரீ' சேர்த்து, பிழை வரியில் வரும் பெயருக்கேற்ப ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவுங்கள்: இன்டெல் என்றால் 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை', ரியல்டெக் என்றால் 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்', ஏதராஸ் என்றால் 'ஃபர்ம்வேர்-ஏதராஸ்'.

எல்லாம் செய்தும் வைஃபை இயங்கவில்லை என்றால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' பாருங்கள். 'சாஃப்ட் பிளாக்ட்' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' போதும். 'ஹார்டு பிளாக்ட்: எஸ்' என்றால் லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்லைடு சுவிட்ச் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பழைய மாடல்களில் இருக்கும். அதை எந்தக் கட்டளையாலும் திறக்க முடியாது.

கேள்வி: புது யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினேன். 'எல்எஸ்யுஎஸ்பி'யில் '0பிடிஏ:1ஏ2பி' என்று ஏதோ 'டிஸ்க்' காட்டுகிறது. கடைக்காரர் பென் டிரைவைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாரா? (நாகர்கோவில்)

பதில்: ஏமாற்றவில்லை. விண்டோஸ்காரர்களுக்கு டிரைவரைக் கொடுப்பதற்காக இந்த அடாப்டர்கள் முதலில் சிடி டிரைவ் வேடத்தில் எழுகின்றன. டெஸ்க்டாப்பில் தெரியும் அந்த சிடியை 'எஜெக்ட்' செய்யுங்கள், அல்லது 'யுஎஸ்பி_மோடுசுவிட்ச்' தொகுப்பை நிறுவுங்கள். எண் மாறி, உண்மையான வைஃபை சாதனம் தெரியும். பிறகு 'யூநேம் -ஆர்' அடித்துக் கர்னல் பதிப்பைப் பாருங்கள். 8821சியு, 8822பியு போன்ற சில்லுகளுக்கு 6.2 முதல் கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது.

அதைவிடப் பழைய கர்னலில் வெளியிலிருந்து டிரைவர் எடுத்து டிகேஎம்எஸ்ஸில் (கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி கட்டும் கருவி) கட்டினால், கர்னல் ஹெடர்ஸ் தொகுப்பையும் சேர்த்து நிறுவுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த கர்னல் அப்டேட்டில் வைஃபை போய்விடும். 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால் செக்யூர் பூட் (நம்பகமான சாவியால் கையொப்பமிடாததை ஏற்காத பாதுகாப்பு) தடுக்கிறது. 'மோக்யூடில்' மூலம் உங்கள் சாவியைப் பதிந்து, ரீபூட்டில் வரும் நீலத்திரையில் ஒப்புதல் கொடுக்க வேண்டும்.

கேள்வி: 'எம்சிஇ: ஹார்டுவேர் எர்ரர், மெஷின் செக் ஈவென்ட்ஸ் லாக்ட்' என்று வாரம் ஒருமுறை வருகிறது. கர்னலை மாற்றினால் சரியாகுமா? (புதுச்சேரி)

பதில்: ஆகாது. சிபியு தானே கண்ட வன்பொருள் பிழையைக் கர்னலிடம் ஒப்படைக்கிறது, கர்னல் அதை எழுதி வைக்கிறது. 'ராஸ்டெமன்' நிறுவி ஓடவிடுங்கள். அடுத்த முறை வரும்போது பிழை மெமரியிலா, சிபியு கேஷிலா, வேறெங்காவதா என்று விவரமாகப் பதிவாகும். இதற்கிடையில் ஓர் இரவு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். 6-ஆம் பதிப்பு முதல் அது யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்தது) கணினிகளிலும் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி போட்டு ரேம் வேகத்தை ஏற்றியிருந்தால் முதலில் அதை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். பிழை வந்தால் ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள்.